வண்டி வளைவுக்கு வருகிற நேரம்

தம்பி,

நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷன் பெற்ற பிள்ளைக்குக் காகிதத்தில் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். வேறு வழி இல்லை. போனில் நான் பத்துக் கேள்வி கேட்டால், பத்துக்கும் சேர்த்து நீ ஒரு 'ம்' சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. சூரியன் பார்க்க ஏறிய கூட்டம் மலை உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. மற்ற டிரைவர்கள் போர்வையை இழுத்து மூடித் தூங்குகிறார்கள். நான் ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். எஸ்டேட் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை இது. அதனால் நடுவில் எங்காவது 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் உன் நண்பர்களிடம் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்கும் இதில் ஏதாவது பழகிய விஷயம் இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே செய்தியைச் சொன்னாள். "பிள்ளைக்கு இனி பைசா வேண்டாமாம். சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில நிக்கானாம். தனியா அக்கவுண்டு எடுத்துட்டானாம். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னான்." அதை என்னிடமே சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று நான் கேட்டேன். அவள் அடுத்ததைச் சொன்னாள். "கிறிஸ்மஸுக்குக் கடையில லீவு இல்லையாம்." அன்றிலிருந்து நீ அம்மாவிடம்தான் பேசுகிறாய். நானும் வீம்புக்குப் போனை வாங்கவில்லை. வாசலில் ஸ்டார் கட்டியாகிவிட்டது. குடில் வைக்கிற மூலையை உன் அம்மா துடைத்துக் காலியாக விட்டிருக்கிறாள். குடிலில் விரிக்க ஓடைக்கரையில் பாசி பெயர்த்து வர நீதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். காசு வேண்டாம் என்று நீ சொன்னது எனக்குப் பெரிய அடி இல்லை, மிச்சம்தான். ஆனால் என் பிள்ளை என்னை விட்டே விலகிப் போகிறானா என்று தெரியாமல் மலை ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் வழியில் வருகிற பேச்சு.

நம் ஏற்பாட்டை முதலில் வெளியாளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். சொன்னால்தான் எனக்கே அதன் லட்சணம் தெரிகிறது. நீ கோயம்புத்தூருக்கு எம்.எஸ்சி. படிக்கக் கிளம்பியபோது, மூணாறு டவுனில் போன் கடை வைத்திருக்கும் பையன் ஒரு வசதியைக் காட்டிக் கொடுத்தான். காசு என் கணக்கிலேயே இருக்கும். நீ அங்கே கடையில் ஸ்கேன் செய்தால் என் போன் கூப்பிடும். இன்ன பேருக்கு இவ்வளவு, கொடுக்கலாமா என்று கேட்கும். நான் ரகசிய எண்ணைப் போட்டால் காசு கடைக்குப் போய்ச் சேரும். கொஞ்ச நேரத்துக்குள் போடாவிட்டால் கேட்டது ரத்தாகிவிடும், நீ மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அந்தப் பையன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த லயத்துப் பிள்ளை ஒருவன் போனில் ரம்மி விளையாடி, அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்ததைத் தொலைத்த கதை அப்போதுதான் எஸ்டேட் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் வளர்ந்ததும் கடைப்பற்றுக்கு நடுவில்தான். அரிசி முதல் சோப்பு வரை கடனுக்கு வாங்கி, சம்பளம் வருவதற்கு முன்பே அது கடைக்காரருடையதாகிவிடும். அதனால் உனக்கு இரண்டு சட்டம் போட்டேன். கையில் ரொக்கம் கூடாது. எந்தக் கடையிலும் பற்று வைக்கக் கூடாது. உன் அம்மா உன் துணிப்பையில் மடித்து வைத்திருந்த நோட்டைக்கூட நான் எடுத்துவிட்டேன். அவளுக்கு அது தெரியாது. இப்போது நீ சொல்லித் தெரிந்துகொள்வாள், நடப்பது நடக்கட்டும்.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நான் ஓட்டுகிற ஜீப் முதலாளியுடையது. எந்த நாளும் அவர் டாங்கியை நிரப்பியதில்லை. மலைக்குப் போய்வர எவ்வளவு டீசல் பிடிக்குமோ அவ்வளவுதான் அடித்துத் தருவார். வண்டி திரும்பி வந்ததும் கதவைத் திறந்து டீசல் முள்ளைப் பார்ப்பார். "எந்தா, இன்னைக்கு முள்ளு கொறச்சு தாழ்ந்து நிக்குதல்லோ?" என்பார். ஏறியவர்களில் ஒருவர் தொப்பியை மறந்துவிட்டார், திரும்பிப் போய் எடுத்து வந்தேன் என்று நான் விளக்கம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு நான் திருடியதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் முள்ளைப் பார்க்காமல் அவருக்கு விடியாது. அவர் குனிகிறபோதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து போனை எடுத்து, "நேத்து ஜூஸ் கடையில என்னலே சோலி?" என்று உன்னைக் கேட்பேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியிருக்குமா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்பு. கொஞ்ச நாளிலேயே அது காவல் வேலையாக எனக்குத் தெரியவில்லை. நீதான் வாயைத் திறப்பதில்லையே. உன்னைப் பற்றி எனக்குச் செய்தி சொல்ல அந்தப் போன் ஒன்றுதான் இருந்தது. சலூன் என்று கேட்டால், முடி வெட்டிக்கொண்டான் என்று அம்மாவிடம் சொல்வேன். மருந்துக்கடை என்று கேட்டால், அன்று ராத்திரி அவள் உன்னைக் கூப்பிட்டு இருமலா காய்ச்சலா என்று குடைவாள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டதில்லை. கடைப் பெயருக்குப் பதில் ஆள் பெயர் வருவதுதான் வேடிக்கை. தினமும் காலையில் 'சுகன்யாவுக்குக் கொடுக்கலாமா' என்று வரும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணைப் போட்டேன். இரண்டாவது வாரம் உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள். "யாருங்க அந்தச் சுகன்யா, தினமும் நம்ம பிள்ளைகிட்ட வாங்கித் திங்கிறவ?" அன்று சாயங்காலம் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உன்னிடம் விசாரித்தது ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு வார்த்தை பேசாமல் படம் ஒன்றை அனுப்பினாய். தள்ளுவண்டி, இட்லிக் கொப்பரை, அறுபதைத் தொட்ட ஒரு அம்மா, வண்டியில் தொங்குகிற அட்டை. கீழே, 'சுகன்யா அவங்க மருமகப்பா, அக்கவுண்டு அவ பேருல' என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கி இட்லியின் அளவைப் பார்த்தாள்.

எனக்குப் புரியாமலே இருந்தது ஒன்றுதான். அந்தச் சுகன்யா எப்போதும் பத்து மணிக்கு மேல்தான் வருவாள். சில நாள் பத்தரை, சில நாள் பதினொன்று. படிக்கிற பிள்ளை காலைச் சாப்பாட்டை மதியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாமா? நம் வண்டி மலையிலிருந்து இறங்கும்போது, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு எதிரே ஒரு வளைவு வருமே, எஸ்டேட் ரோட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம், அங்கே எல்லா டிரைவரும் ஒரு நிமிஷம் நிறுத்துவோம். வண்டிக்குள் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சத்தம் போடும். என் போனும் போடும். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு அண்ணா காசு போடறீங்க?" என்று கேட்டாள். "என் மகனுக்கும்மா. கோயம்புத்தூர்ல படிக்கான். இப்பத்தான் காலைச் சாப்பாடு." "இப்பவா? மணி பத்தே முக்கால்." "அவன் எந்திரிக்கதே இப்பத்தான்" என்றேன். வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப் போய், பிறகு வந்த எல்லா ட்ரிப்பிலும் அதே வளைவில் அதையே சொல்லிச் சிரிக்க வைத்தேன். எத்தனை மாதம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியில் ஏறுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால், "பிள்ளைக்கு எப்படிக் காசு கொடுக்கீங்க?" என்று கேட்டுவிடுவேன். எறணாகுளத்து அம்மா ஒருவர், "ஒன்னிச்சு கொடுத்துடுவேன் சேட்டா, தீர்ந்தா அவளே விளிக்கும்" என்றார். மொத்தமாகக் கொடுத்தது தீர்ந்துபோய்க் கூப்பிடுகிற அந்த ஒரு தடவைதான் மகள் மனம் விட்டுப் பேசுகிறாளாம், அதற்காகவே சீக்கிரம் தீரட்டும் என்று நினைப்பாராம். மதுரைக்காரர் ஒருவர், மகன் போகிற இடமெல்லாம் தன் போனில் புள்ளியாகத் தெரியும் என்று காட்டினார். அப்போது புள்ளி ஒரு சினிமா தியேட்டருக்குள் இருந்தது. அவர் முகம் மாறிப்போய், மலை இறங்குகிற வரைக்கும் வெளியே எதையும் பார்க்கவில்லை. சூரியன் பார்க்க இவ்வளவு செலவு செய்து வந்த மனுஷன். கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் வழிதான் சரி என்றார்கள். மறுபடி யோசிக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும்தான்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சாயங்காலம் நான் கூப்பிட்டால், எல்லாவற்றுக்கும் 'ம்' சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது நீ மட்டும் ஒன்று கேட்பாய். "நாளைக்கு எந்த ட்ரிப்புப்பா?" சூரியோதயமா, டாப் ஸ்டேஷனா, மறையூர்ப் பக்கமா என்று சொல்வேன். "அங்க மஞ்சு எறங்குதா?" என்றும் கேட்பாய். மஞ்சு மூடுபனியாய் அடைத்தால் சூரியன் தெரிய நேரமாகும், கூட்டம் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்று நான் நீட்டி முழக்குவேன். நீ பொறுமையாகக் கேட்பாய். மறுநாள் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம், "என் பையன் என்னவும் படிக்கட்டும், அப்பன் தொழில் மேல அவனுக்கு ஒரு இது இருக்கு" என்று சொல்லிக்கொள்வேன். அவர்களுடைய பிள்ளைகள் அப்பாவின் வண்டி நிறத்தைக்கூடக் கேட்பதில்லை என்று அவர்கள் வருத்தப்படுவார்கள். அதைக் கேட்க எனக்குச் சுகமாக இருக்கும்.

பிறகுதான் போன் அடங்கிப்போனது. முதல் நாள் வளைவில் நிறுத்தினேன். வண்டியில் எல்லோர் போனும் சத்தம் போட்டது, என்னுடையது போடவில்லை. பழக்கத்தில் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். நீ சாப்பிட்டாயா, முடி வெட்டினாயா, இருமல் நின்றதா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அப்போது பார்த்து முதலாளி, ஒரு குடும்பத்தைக் காரில் கொண்டுபோய்க் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் விட்டுவரச் சொன்னார். மறையூர், உடுமலை வழியாகப் போனேன். அவர்களை இறக்கிவிட்ட பிறகு வண்டி தானாக உன் பல்கலைக்கழகத்துப் பக்கம் திரும்பியது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நான்தான் திருப்பினேன். உன்னைப் பார்க்க அல்ல. அந்த நேரம் நீ வகுப்பில் இருப்பாய், வந்து நின்றாலும் என்ன பேசுவது என்று தெரியாது. சுகன்யாவின் மாமியாரைப் பார்க்கத்தான் போனேன். ஒன்றரை வருஷமாகத் தினமும் அவருக்குக் காசு கொடுத்திருக்கிறேன், ஒரு இட்லிகூடத் தின்றதில்லையே.

படத்தில் பார்த்த அதே பச்சைத் தள்ளுவண்டி, பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. கூட்டம் குறைந்திருந்தது. இட்லி நன்றாகத்தான் இருந்தது, சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல். நான் யாரென்று சொல்லவில்லை. மூணாறிலிருந்து வருகிறேன் என்று மட்டும் பேச்சுக் கொடுத்தேன். அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீங்களா? எங்க கடைக்கும் ஒரு மூணாறுத் தம்பி வருமுங்க. தங்கமான பையன். எட்டரைக்கெல்லாம் வந்து இந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காரும். சாப்புடு கண்ணுன்னா சாப்புடாதுங்க." "ஏன்?" என்று கேட்டேன். "'இன்னும் எங்கப்பா வண்டி வளைவுக்கு வர்லீங்கக்கா'ன்னு சொல்லுமுங்க. எந்த வளைவு, என்ன வண்டி, எனக்கொண்ணும் புரியலீங்க. காசு பொறவு குடு சாமி, இப்ப திண்ணுன்னாலும் கேக்காது. அப்பாவுக்குப் பற்று வெச்சாப் புடிக்காதுங்கும். முதல் வகுப்பை முடிச்சுப்போட்டு, எடைவேளையில ஓடியாந்து திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாக்கும். காசு வந்ததுக்கப்பறந்தான் தட்டை வாங்குமுங்க."

என் கையில் இட்லி அப்படியே நின்றது. "இப்பவும் அப்படித்தானா?" என்றேன். "இப்ப இல்லீங்க. ஒரு நாளு மத்தியானம் ஏதோ பரீச்சைன்னு சொல்லுச்சு. அன்னிக்கு நேரமே வந்து உக்காந்து போனையே பாத்துட்டிருந்துச்சு. கடைசி வரைக்கும் காசு வரலீங்க. நான் தட்டை நீட்டறேன், வேண்டாங்கக்கான்னு வெறும் வயித்தோட எந்திரிச்சுப் போயிருச்சு. அதுக்கப்பறம் எங்கயோ வேலைக்குப் போவுதாட்டம் இருக்குது. இப்பெல்லாம் வந்ததும் சாப்புட்டுப்போட்டுப் போயிருமுங்க. நல்லாச் சாப்புடுது." நான் ஸ்கேன் செய்தேன். சுகன்யா என்று பெயர் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, காசு உடனே போய்விட்டது. இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பரீட்சை நாள் எந்த நாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எஸ்டேட் ரோட்டில் ஒற்றை யானை வந்து நின்றதே, காலையில் நான் வளைவுக்கு வராமலே போன அந்த ஒரு நாள். வளைவுக்குக் கொஞ்சம் மேலேயே எல்லா ஜீப்பும் மாட்டிக்கொண்டது. அது பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டு நின்றது, மதியம் தாண்டித்தான் சரிவில் இறங்கியது. அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, யானை தும்பிக்கையைத் தூக்கியது, பின் சீட்டில் ஒருத்தர் அழுதது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய். முடிவில், "யானை எப்பப்பா போச்சு?" என்று கேட்டாய். மதியத்துக்கு மேல் என்றேன். "சரிப்பா" என்றாய். அந்தம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், உடுமலை தாண்டிச் செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டி நின்றபோது அந்தச் 'சரிப்பா' திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மலையில் மஞ்சு இறங்கினால் கோயம்புத்தூரில் என் பிள்ளைக்குப் பசி. ஒன்றரை வருஷம் இப்படி நடந்திருக்கிறது, நான் வண்டி நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் தொழிலின் மேல் உனக்கு ஆசை என்று ஸ்டாண்டில் பெருமை பேசியிருக்கிறேன். நீ கேட்டது உன் காலைச் சாப்பாட்டு நேரத்தை. அழுகை வந்தது, அழுதேன். செக்போஸ்டில் இருந்தவர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நீ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். சொன்னால் கத்துவேன் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன்தான். ஆனால் நான் கத்தி நீ பயந்ததாக எனக்கு ஞாபகமே இல்லையே. ஐந்தாம் வகுப்பில் ரிப்போர்ட் கார்டை மறைத்தபோதுகூட முறைத்துக்கொண்டுதானே நின்றாய். இல்லை, அப்பா சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டாயா? அப்படியானால் இன்னும் மோசம். பெஞ்சில் உட்கார்ந்து நீ என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பாய்? 'இப்ப உச்சியில இருப்பார், இப்ப ஏத்துவார், இப்ப கியரை மாத்துவார்' என்று கூடவே இறங்கி வந்திருப்பாயா? ஒருத்தருடைய வண்டி எங்கே வருகிறது என்று தினமும் மனசுக்குள் பின்தொடர்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் உன் செலவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீ என் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

போன் கடைக்குப் போய் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பையன், "என்ன மாமா, தம்பி கணக்குல ஏதும் குளறுபடியா?" என்றான். குளறுபடி என் பக்கம் என்றேன். இந்தப் பருவத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்ததை மொத்தமாக உன் புதுக் கணக்கில் போட்டாகிவிட்டது. கணக்கு எண் உன் அம்மா கொடுத்தது, அவளைத் திட்டாதே. வேண்டாம் என்றால் அப்படியே கிடக்கட்டும். ஜெராக்ஸ் கடை வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன், படிப்புக்கு இடைஞ்சல் என்றால் நீயே விடுவாய். காசைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைந்துவிட்டது. இருந்தாலும் அப்பன் வாய் நிற்காது. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. நண்பனுக்குக் கொடுத்தால் திரும்பக் கேட்க வெட்கப்படாதே, கேட்க வெட்கமாக இருக்கும் நண்பனுக்குக் கொடுக்காதே. அதோடு, வாரம் தவறாமல் நான் லாட்டரிச் சீட்டு வாங்குகிறேன் என்பதையும் தெரிந்துகொள். இதுவரை டீக்குக்கூட விழுந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் உன் போன் கூப்பிட்டு, 'அப்பா லாட்டரி வாங்குகிறார், கொடுக்கலாமா' என்று கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். கொடுத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவும் போன வாரம் எழுதி, அனுப்பலாமா வேண்டாமா என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா ஜெபமாலைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். "அம்மா இல்லையாப்பா?" என்றாய். இல்லை என்றேன். சாப்பிட்டியாலே என்றேன். 'ம்' என்றாய். குளிரா என்றேன். 'ம்' என்றாய். சரி, வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். அப்போது கேட்டாய். "நாளைக்கு எந்த ட்ரிப்புப்பா?"

தம்பி, இப்போது உனக்கு அது எதற்கு? உன் காசு உன்னிடம் இருக்கிறது. வண்டி வளைவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் உன் இட்லி உனக்குக் கிடைக்கும். வாய்க்குப் பழகிய கேள்வியோ என்னவோ, நான் அப்படி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சூரியோதயம் என்றேன். மஞ்சு இருக்கிறதா என்றாய். இருக்கிறது என்றேன். "பாத்து எறக்குங்கப்பா" என்றாய். பிறகு நான் உன்னிடம் இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டேன். "ஒனக்கு நாளைக்கு என்னலே?" நீ சொல்ல ஆரம்பித்தாய். காலையில் ஆய்வகம், ஏதோ ஒரு கருவி கெட்டுப்போய் இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள், கூட இருக்கிறவன் எல்லாவற்றையும் கொட்டி உடைப்பான், சாயங்காலம் கடையில் புது மெஷின் வருகிறது, அதை உன்னை நம்பி விடப் போகிறார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. ஜெபமாலை முடிந்து உன் அம்மா திரும்பி வந்த பிறகும் நீ பேசிக்கொண்டிருந்தாய். போனைக் கொடு என்று அவள் கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை.

இந்த மிச்சத்தையும் அதே ஸ்டியரிங்கின் மேல் வைத்துத்தான் எழுதினேன், உச்சியிலிருந்து கூட்டம் இறங்கி வருகிறது. இன்று மஞ்சு விலக நேரமாகிவிட்டது, வளைவுக்குப் போகும்போது பதினொன்று ஆகிவிடும். நீ அதற்குள் சாப்பிட்டு, ஆய்வகத்தில் அந்தப் பையன் உடைத்ததைப் பொறுக்கிக்கொண்டிருப்பாய். என் போன் சும்மா இருக்கும், இருக்கட்டும். கிறிஸ்மஸுக்குக் கடையில் லீவு இல்லை என்றால் பரவாயில்லை. சீசன் கூட்டம் குறைந்ததும் முதலாளியிடம் சொல்லிவிட்டு உன் அம்மாவோடு நான் அங்கே வருகிறேன். பாசியை அவளே ஓடைக்கரையில் பெயர்த்து அங்கே கொண்டுவந்து, குடிலையும் கட்டிவிடுவாள், உன் அறையில் ஒரு மூலை மட்டும் காலி செய்து வை. விடியுமுன் கிளம்பினால் எட்டரைக்கு அந்தப் பெஞ்சில் இருப்போம். வந்ததும் தட்டை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடு, எங்களுக்காகக் காத்திருக்காதே. காசை நீயே கொடு. நான் பார்க்க மாட்டேன்.

அப்பா